பிள்ளையைச் சுற்றி நின்றவர்கள்: தமிழ்ப்பள்ளி வரலாற்றில் ஒரு பக்கம்



தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைப் பேசப் புகுந்தால் நாம் உடனே ஆண்டுகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பு. 1912-இல் தொழிலாளர் சட்டம். 1951-இல் பார்ன்ஸ் அறிக்கை. 1956-இல் ரசாக் அறிக்கை. 1961-இல் கல்விச் சட்டம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் இந்த வரிசையை மனனம் செய்துதான் தேர்வு எழுதினோம். இவை அறிந்திருக்க வேண்டிய செய்திகளே. ஆயினும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பிறகு எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகத் தெரிகிறது.

சட்டம் பள்ளியைத் திறந்து வைக்கும். அந்தப் பள்ளிக்குப் பிள்ளையைக் காலையில் எழுப்பி அனுப்பியவர் யார்? பள்ளி விட்ட பிறகு இரவு உறங்கும் வரை அந்தப் பிள்ளையைக் கண்காணித்தவர் யார்? ஆறாம் ஆண்டு முடிந்ததும், "மேலே படி, நாங்கள் இருக்கிறோம்" என்று சொன்னவர் யார்? இந்தக் கேள்விகளுக்கான விடை அரசாங்க அறிக்கைகளில் அதிகம் கிடைப்பதில்லை. சங்கங்கள், கோயில் மண்டபங்கள், கூட்டுறவுப் பங்குகள், மாலை நேர வகுப்புகள் ஆகியவற்றின் வரலாற்றில்தான் அது கிடக்கிறது. அந்த வரலாற்றையே இங்கே சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

சட்டம் தந்தது எவ்வளவு?

1816-ஆம் ஆண்டுத் தமிழ் வகுப்பைத் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டைப் பெருமையோடு கொண்டாடினோம். எனினும் பெரும்பான்மைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது தோட்டங்களின் வழியாகவே வந்தது. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதனை விரிவாக்கிய 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று விதித்தன. இதில் பிள்ளைகளின் நலனைவிடத் தொழிலாளர் குடும்பத்தோடு தோட்டத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்னும் கணக்கே மேலோங்கி நின்றது.

ஆகவே, பல தோட்டங்களில் பள்ளி என்பது பெயரளவில் இருந்தது. ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை, கோயில் மண்டபம், ஆளில்லாத லயத்து அறை ஆகியவையே வகுப்பறைகள். பாடம் சொல்லிக்கொடுத்தவர் கிராணியாகவோ, கங்காணியாகவோ, சற்றே எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியாகவோ இருப்பார். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. போய்வர வண்டிச் செலவும் உண்டு. நாட்கூலி வாங்கும் பால்மரத் தொழிலாளிக்கு அது எட்டாத உயரம்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குறைபாடு மிகுந்த பள்ளிகளில் ஒன்றுகூட முதலாளியின் கையால் மட்டும் நடந்ததில்லை. அத்தாப்புக் கூரை ஒழுகினால் மாற்றிக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். ஆசிரியருக்கு அரிசியும் காய்கறியும் கொடுத்தவர்கள் அவர்கள். பள்ளி விழாவுக்குப் பந்தல் போட்டவர்களும் அவர்களே.

லயத்தின் சுற்றம்

தோட்ட வாழ்க்கையை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பேசுவார்கள். ஒரு சாரார் அதனைப் பொற்காலம் என்பார்கள். மற்றொரு சாரார் அதனை நரகம் என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

விடியுமுன் பெரட்டு. பெற்றோர் இருவரும் இருட்டிலேயே பால்மரம் சீவக் கிளம்பிவிடுவார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்படுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை எழுப்பிவிடுவது பக்கத்து வீட்டுப் பாட்டியின் வேலை. லயத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்தமையால், ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் ஆற்றங்கரையில் திரிந்தால், பெற்றோர் மரக்காட்டிலிருந்து திரும்புமுன் அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னே வந்து நிற்கும். மாலையில் திடலில் பந்தாட்டம், வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம், திருவிழாக் காலத்தில் நாடக ஒத்திகை. ஒரு சிறுவனையோ சிறுமியையோ பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கும் உரிமை அங்கே நாற்பது ஐம்பது பெரியவர்களுக்கு இருந்தது.

அதே லயத்தில் சாதி வேற்றுமை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, கட்டிப்பால் பொறுக்கப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் வறுமையும் இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சுற்றம் இருந்தது. அந்தப் பிள்ளை தோட்டத்தை விட்டு மேலேறிச் செல்ல வழி இல்லை. தோட்டத்தின் நன்மையையும் குறையையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பின்வந்த முயற்சிகள் பலவும் அந்த வழியை உண்டாக்குவதற்காகத் தோன்றியவையே.

போருக்குப் பின்

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் திரும்பாதவர்கள் மிகப் பலர். குடும்பத் தலைவனை இழந்த வீடுகளும், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளும் போருக்குப் பிந்திய மலாயாவின் பெருந்துயரம்.

அந்நேரத்தில் இப்பிள்ளைகளுக்காகச் சமூகத்திலிருந்து எழுந்தவர்களுள் சுவாமி சத்தியானந்தாவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1949-இல் அவர் நிறுவிய சுத்த சமாஜம், கோலாலம்பூர் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தது. உணவும் உடையும் கொடுத்ததோடு நில்லாமல், படிப்பையும் தொழிற்பயிற்சியையும் சமயங்களுக்கிடையே நல்லிணக்கத்தையும் அது கற்பித்தது. 1961-இல் சுவாமி மறைந்த பின் அப்பொறுப்பை ஏற்ற அன்னை மங்களம், 2023-இல் தாம் மறையும் வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பிள்ளைகளோடு வாழ்ந்தார். இன வேறுபாடு பாராமல் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். இளம் வயதில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி தம் வாழ்நாள் முழுவதையும் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

கள்ளுக்கடைக்கு எதிரே நின்ற இளைஞர்கள்

போர் முடிந்த கையோடு கெடா மாநிலத்தில் தோன்றிய 'தொண்டர் படை' பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பீடோங் அருகில் உள்ள ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் அது வளர்ந்தது. இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்தார்கள். கள்ளுக்கடைகளின் முன்னே நின்று, கூலி வாங்கிய கையோடு உள்ளே நுழைபவர்களைத் தடுத்தார்கள். 1947-இல் காவல் துறையினரோடு மோதல்கள் நேர்ந்தன, தொழிலாளர் உயிர்ப்பலியும் நிகழ்ந்தது, படை ஒடுக்கப்பட்டது.

வரலாற்று நூல்கள் இதனைத் தொழிலாளர் போராட்டமாகவும் அரசியல் கிளர்ச்சியாகவும் எழுதுகின்றன. அது சரியே. ஓர் ஆசிரியரின் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கள்ளுக்குப் போன ஒவ்வொரு காசும் பிள்ளையின் சோற்றிலிருந்தும் சிலேட்டிலிருந்தும் பறிக்கப்பட்ட காசு. அதை அறிந்து, தங்கள் தந்தையரையும் அண்ணன்மாரையும் கைகூப்பித் தடுத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வெளியிலிருந்து யாரோ வந்து சீர்திருத்தவில்லை. உள்ளேயிருந்த பிள்ளைகளே பெரியவர்களைக் கேள்வி கேட்டார்கள்.

பீடோங் வட்டாரத்திற்கு இன்னொரு சிறப்பும் பின்னாளில் சேர்ந்தது. 1984-இல் ம.இ.கா.வின் கல்விக் கரமாகத் தோன்றிய எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அங்குள்ள செமிலிங்கில்தான் அமைந்திருக்கிறது. கள்ளுக்கடை மறியல் நடந்த மண்ணில் அரை நூற்றாண்டுக்குப் பின் மருத்துவம் பயிலும் பிள்ளைகள் நடமாடுகிறார்கள்.

சிறு தொகைகளின் வலிமை

1950-களில் மலாயாவும் சிங்கப்பூரும் தமிழர்களுக்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகள் போல இருந்தன. 1935-இல் சிங்கப்பூரில் ஒரு காசு விலையில் தொடங்கிய 'தமிழ் முரசு' ஜொகூர் பாலத்தைத் தாண்டித் தோட்டங்களுக்கும் வந்தது. அதன் ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி இளையோருக்கென ஏற்படுத்திய மாணவர் மணிமன்றம், ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எழுத வைத்தது. பிற்காலத்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பலர் தங்கள் பெயரை முதன்முதலில் அச்சில் கண்டது அந்தப் பக்கங்களில்தான். ஊர்கள்தோறும் தோன்றிய மணிமன்றங்கள் இன்றளவும் நம் நாட்டில் இளைஞர் இயக்கமாகத் தொடர்கின்றன.

மலாயாப் பல்கலைக்கழகம் அந்நாளில் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனச் சாரங்கபாணி வாதாடினார். வாதத்தோடு நிறுத்தாமல், துறையின் நூலகத்திற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திரட்டையும் நடத்தினார். 1956-இல் துறை உருவாயிற்று. 1959-இல் கோலாலம்பூருக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலையே பார்த்திராத உழைப்பாளிகளும் அந்த நிதிக்குக் கொடுத்தார்கள். தம் பிள்ளை அங்கே போவானா என்பது அவர்களுக்கே தெரியாது. எவர் பிள்ளையாவது போகட்டும் என்றே கொடுத்தார்கள்.

அதே சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம் மக்கள் 1946-இல் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள். சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு இட்டார்கள். 1960-இல் அப்பள்ளியில் இடைநிலை வகுப்புகளும் தொடங்கின. தொடக்கப்பள்ளியோடு தமிழ்வழிக் கல்வி நின்றுபோகும் நிலையை மாற்ற ஓர் ஊர்க்காரர்களின் சங்கம் துணிந்தது என்பது சிறிய செய்தியன்று. 1982-இல் அப்பள்ளி மூடப்பட்டாலும், அடுத்த ஆண்டே தோன்றிய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இங்கே மலாயாவில், சுங்கை சிப்புட்டில் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை 1954-இல் திறப்பு விழாக் கண்டது. பண்டித நேருவின் தங்கையார் விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். தோட்டத்துக் கொட்டகையையே பள்ளியாகக் கண்ட பெற்றோர்களுக்கு, பட்டணத்தில் உயர்ந்து நின்ற அந்தக் கட்டடம் எத்தகைய நம்பிக்கையைத் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சம்பந்தனாரின் இன்னொரு பணி பலரறிந்ததே. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் வீடும் பள்ளியும் ஒரே நாளில் பறிபோகும் அபாயம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கை எடுக்கும்படி சம்பந்தனார் தோட்டந்தோட்டமாகச் சென்று கேட்டுக்கொண்டார். நாட்கூலி சில வெள்ளியே பெற்ற காலத்தில் 10 வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. தோட்டம் பிழைத்த இடத்தில் பள்ளியும் பிழைத்தது. பின்னர் உறுப்பினர்களின் பிள்ளைகளுடைய மேற்கல்விக்கும் சங்கம் உதவி வந்தது.

மாலை நேர விளக்குகள்

1965 முதல் தொடக்கப்பள்ளி முடித்த எல்லாப் பிள்ளைகளும் தேர்வுத் தடையின்றி இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் முதலில் ஓராண்டு புதுமுக வகுப்பில் அமர வேண்டும். தோட்டத்திலிருந்து பள்ளி பல மைல் தொலைவு. புதிய மொழி, புதிய நண்பர்கள், புதிய ஆசிரியர்கள். மூன்றாம் படிவத்தைத் தாண்டாமல் நின்றுபோனவர்கள் ஏராளம்.

இந்த இடைவெளியை நிரப்பவே 1970-களின் இறுதியிலிருந்து புதிய வகை அமைப்புகள் எழுந்தன. 1979-இல் கல்விச் சமூகநல ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜாவும் அவருடைய மாணவர்களும் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் நுழைந்துவிட்ட சிலர், நுழைய முடியாமல் வெளியே நின்ற தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் புறப்பட்டார்கள் என்பதே அதன் சாரம். கோயில் மண்டபங்களிலும் பள்ளி அறைகளிலும் வார இறுதியில் கணிதமும் அறிவியலும் நடந்தன. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பத்துமலைக்குச் செல்லும் 'கல்வி யாத்திரை' ஆண்டுதோறும் நடந்தது. தேர்வு என்பது பிள்ளையின் தனிச்சுமை அன்று, வீட்டார் அனைவரும் சேர்ந்து எடுக்கும் விரதம் என்று அது பெற்றோர்களுக்கு உணர்த்தியது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்றுண்டு. முந்தைய தலைமுறை பணத்தையும் நிலத்தையும் கட்டடத்தையும் கொடுத்தது. இந்தத் தலைமுறை தன் சனிக்கிழமைகளைக் கொடுத்தது. இருபது வயது இளைஞர் ஒருவர் வாரந்தோறும் பேருந்தேறி வந்து பதினைந்து வயதுச் சிறுவனின் அருகில் அமரும்போது, கணக்கு மட்டும் புரிவதில்லை. "இவரைப் போல நானும் ஆகலாம்" என்பதும் புரிகிறது.

சிதறிய சுற்றம்

1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பட்டணத்து ஓரங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று 520-ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. அவற்றுள் பலவற்றில் 30 பிள்ளைகள்கூட இல்லை. வேறு சிலவற்றிலோ இடம் போதவில்லை. மக்கள் ஓரிடத்திலும் பள்ளி வேறிடத்திலும் நிற்பதே இதற்குக் காரணம்.

இடம்பெயர்ந்த பள்ளிகளுக்கு மறுபடியும் சமூகமே கை கொடுத்தது. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி அரசாங்கத்தின் பகுதி உதவியை மட்டுமே பெறும். ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும்; கட்டடச் செலவின் பெரும்பகுதி பள்ளி வாரியத்தின் தலையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையிலும் விழும். விருந்து நடத்தி, நன்கொடைச் சீட்டு விற்று, உண்டியல் ஏந்தி எழுப்பப்பட்ட வகுப்பறைகள் இந்நாட்டில் எத்தனையோ உள்ளன. பள்ளியின் சுவரில் பொறிக்கப்பட்ட நன்கொடையாளர் பட்டியலைப் பார்த்தால், 10,000 வெள்ளிக்கு அருகில் 50 வெள்ளியும் இருக்கும்.

பள்ளிக் கட்டடத்தை இவ்வாறு தூக்கி வந்து நட்டுவிட்டோம். லயத்தின் சுற்றத்தை அப்படித் தூக்கி வர முடியவில்லை. பன்னிரண்டாம் மாடியில் வாழும் குடும்பத்திற்கு எதிர்வீட்டாரின் பெயர் தெரியாது. தாய் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு. தந்தை லாரி ஓட்டுநர். பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை அந்த வீட்டில் பெரியவர் எவரும் இல்லை. அவ்வாறான பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களிடம் "சாப்பிட்டாயா, படித்தாயா?" என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கேட்க ஆள் இல்லாத இடம் வெறுமையாகவே இருந்துவிடுவதில்லை. படிக்கட்டின் கீழே நிற்கும் அண்ணன்மார் கேட்கத் தொடங்குவார்கள். சிகரெட் வாங்கிவரச் சொல்வார்கள். பிறகு பொட்டலம் கொண்டுபோகச் சொல்வார்கள். குண்டர் கும்பலில் சேர்ந்த பையன்களைப் பற்றி நாளிதழ்களில் படித்து நாம் வருந்துகிறோம். அந்தப் பையனுக்கு முதன்முதலில் "நீ நம்மாளு" என்று சொன்ன பெரியவன் யார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போன என் பழைய மாணவர்கள் சிலரை நான் இழந்தது தேர்வில் அன்று, அந்தப் படிக்கட்டில்தான்.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் நான் கண்டிருக்கிறேன். ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மாலையில் வடையும் நாசி லெமாக்கும் விற்கும் அக்கா ஒருவர், தம் கடையின் ஒரு மேசையைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி வைத்திருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் அங்கே அமர்ந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். அவர்களின் பயிற்சிப் புத்தகங்கள் தவறாமல் வரத் தொடங்கிய காரணத்தைத் தேடிச் சென்றபோதுதான் அந்த மேசையைக் கண்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். ஆனா புத்தகத்த மூடி வச்சிட்டு விளையாடுனா தெரியும்ல?" என்றார் அவர். நம் பாட்டிமார்கள் லயத்தில் செய்த வேலையை அவர் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

அண்டை நாட்டின் ஏற்பாடு

சிங்கப்பூரிலும் இதே நெருக்கடி வேறு வடிவில் வந்தது. அங்கே தமிழர்கள் கம்பங்களிலிருந்தும் பழைய குடியிருப்புகளிலிருந்தும் அடுக்குமாடிகளுக்கு இன்னும் முன்னதாகவே மாறினார்கள். இந்திய மாணவர்களின் கல்வி நிலை குறித்த கவலை வளர்ந்தபோது, 1991-இல் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் உருவாக்கப்பட்டது. வேலை பார்க்கும் இந்தியர் ஒவ்வொருவரின் மாதச் சம்பளத்திலிருந்தும் மத்திய சேமநிதி வழியாக ஒரு சிறு தொகை அதற்குச் செல்கிறது. குறைந்த வருமானத்தினர் 1 வெள்ளி தருவார்கள். வருமானம் கூடக் கூடத் தொகையும் கூடி 30 வெள்ளி வரை செல்லும். விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளவும் இடமுண்டு. அந்நிதியில் துணைப்பாட வகுப்புகளும் குடும்ப உதவிகளும் நடக்கின்றன.

இதில் நான் வியப்பது அதன் ஒழுங்கு. யாரும் உண்டியல் ஏந்த வேண்டியதில்லை. தலைவர் மாறினாலும் நிதி நிற்பதில்லை. நம் நாட்டில் நல்ல முயற்சிகள் பல, தொடங்கியவரோடு முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறோம். ஆயினும், சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை மேசையருகில் வந்து அமர முடியாது. அதற்கு அங்கேயும் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள். தொண்டூழியம் என்ற சொல் அந்நாட்டுத் தமிழில் அன்றாடச் சொல்லாகிவிட்டது மகிழ்ச்சிக்குரியது.

இனி நாம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து நான் பெற்றுக்கொண்ட பாடம் ஒன்றே. பிள்ளைகளுக்கு வழியும் வேண்டும், சுற்றமும் வேண்டும். தோட்டத்தில் சுற்றம் இருந்தது, வழி இல்லை. அதற்காக நம் முன்னோர் பள்ளியும் நூலகமும் கூட்டுறவும் கண்டார்கள். இன்று வழிகள் முன்பைவிடப் பல இருக்கின்றன: கடனுதவி, கல்லூரி, தொழிற்பயிற்சி, பல்கலைக்கழகம். அந்த வழியில் பிள்ளையை நடத்திச் செல்லும் சுற்றம் குறைந்துவிட்டது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தேர்வுக்காகவாவது ஆறாம் ஆண்டில் ஒன்றுகூடிய பெற்றோர்கள், இப்போது ஒன்றுகூடக் காரணம் தேடுகிறார்கள்.

பெரிய திட்டங்களை நான் முன்வைக்கவில்லை. ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கட்டட நிதிக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் வைத்துக்கொள்ளட்டும்: பள்ளி விட்ட பின் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் வெறும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்? அவர்கள் வாழும் அடுக்குமாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரேனும் இருக்கிறாரா? கோயில் மண்டபத்தின் விளக்கை வாரத்தில் மூன்று மாலை ஏற்றிவைக்க நிர்வாகம் இசையுமா? சென்ற ஆண்டுகளில் நம் பள்ளியிலிருந்து சென்று இன்று கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களின் சனிக்கிழமைகளைக் கேட்டுப் பார்த்தோமா? இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளை ஒருமுறையாவது மீண்டும் அழைத்துப் பேசினோமா?

இவற்றுள் எதற்கும் அமைச்சின் அனுமதிக் கடிதம் தேவையில்லை. 10 வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலோ கம்பத்திலோ உங்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித்தந்த அண்ணன், அக்கா, கிராணி, பூசாரி யாரேனும் இருந்திருந்தால், அவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி உங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். சட்டங்களின் ஆண்டுகளை எழுதிவைக்க அரசாங்க ஆவணங்கள் இருக்கின்றன. இவர்களை எழுதிவைக்க நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.